பிறந்த குழந்தையின் சர்க்கரை, குதிகால் ரத்தம்: கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஒருவர், புதுத் தாய்மார்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

கேள்வி: கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை அதிகம் இருந்தது, டாக்டர். பிறந்ததும் பையனுக்கோ குறைந்துவிட்டது என்கிறார்கள். அதெப்படி?

பதில்: நியாயமான சந்தேகம். உங்கள் ரத்தத்துச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. வந்து குவிவதைச் சமாளிக்க அவனுடைய கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கப் பழகிவிடுகிறது. கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் கணையம் உடனே அடங்காது. அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அளவு இறங்கும். பிரசவ நேரத்தில் உங்கள் சர்க்கரை ஏறியிருந்தால் இறக்கமும் கூடும். டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் அத்தை சொல்வதுபோல் சேனை வைக்கலாமா? சர்க்கரைத் தண்ணீர்தானே?

பதில்: வேண்டாம்மா. வயிறு நிறைந்து குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும், கிருமியும் போகும். தேன் என்றால் இன்னும் மோசம். ஒரு வயது வரை கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அது போதாமல் அளவு இறங்கினால், வாய்க்குள் தடவும் குளுக்கோஸ் ஜெல்லோ டிரிப்போ தேவையா என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கேள்வி: மகள் 33 வாரத்தில் பிறந்தாள். குதிகால் ரத்தத்தில் 17-ஓஎச்பி அதிகம், திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பிறவி நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். 17-ஓஎச்பி என்பது அட்ரினல் சுரப்பியின் ஒரு ஹார்மோன்; அந்தச் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருந்தால் ஏறும். ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பி முதிராததால், நோய் இல்லாமலே இந்த அளவு உயர்ந்து நிற்கும். அதற்காக மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உண்மையிலேயே நோயாக இருந்தால், முதல் சில வாரங்களிலேயே உடலில் உப்பு இறங்கிக் குழந்தை துவண்டுவிடும். வாந்தி, சோர்வு, பால் குடிக்காமை தெரிந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் எகிறும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் இல்லாத தைராய்டு குறையைக் காட்டலாம். புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத பிறவி நோயான பிகேயுவில் நேர் எதிர். கருவில் இருக்கும்வரை மிகையான ஃபீனைல்அலனினைத் தாயின் உடல் பார்த்துக்கொள்ளும். பிறந்து, பால் குடித்த பிறகே அது ஏறும். அவசரப்பட்டு எடுத்தால், இருக்கும் நோயும் தப்பிவிடும். அதனால்தான் வாரக்கணக்கு, பிறந்த நேரம், எடை, ரத்தம் ஏற்றியதா என்றெல்லாம் கேட்டு எழுதுகிறோம். தொல்லை என்று நினைத்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: வலி வருவதற்கு முன்பே சிசேரியன். அதுவும் குழந்தையின் சர்க்கரையைப் பாதிக்குமா?

பதில்: கொஞ்சம். வலியின்போது கூடும் கார்டிசோலும் அட்ரினலினும் கல்லீரலில் சேர்த்த சர்க்கரையை வெளியே விட உதவும்; அந்த உந்துதல் குறையும். பாலும் சற்றுத் தாமதமாகச் சுரக்கலாம். அடிக்கடி மார்பில் போடுங்கள்.

கேள்வி: பிறந்த அன்றே குளிப்பாட்டலாமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறது. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக் குழந்தைக்கு வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தாக வேண்டும், அதில் ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். துடைத்து, தொப்பி போட்டு, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். குளியல் நாளைக்குப் பார்க்கலாம்.