தோழிக்குத் தைக்கும் பை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தையல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வீட்டில் ஒரு சாதாரண தையல் மெஷின் இருக்கிறது. தலையணை உறை, திரைச்சீலை, சின்னச் சின்ன துணிப்பைகள் வரைக்கும் தைத்திருக்கிறேன். என் நெருங்கிய தோழி அடுத்த மாதம் புது வேலையில் சேர்கிறாள். தினமும் எடுத்துப்போகிற மாதிரி அவளுக்கு ஒரு பை தைத்துத் தர ஆசை. நல்ல கெட்டியான கேன்வாஸ், ஏழெட்டு பாக்கெட், வெளிப்பக்கம் பெரிதாக அவள் பெயர் எம்பிராய்டரி என்று மனதில் ஒரு திட்டம் இருக்கிறது.

சில சந்தேகங்கள். அவளிடம் கேட்டுவிட்டால் சர்ப்ரைஸ் போய்விடுமே, கேட்காமலே தைக்கலாமா? வீட்டு மெஷினில் கேன்வாஸ் ஓடுமா? கைப்பிடி பிய்ந்துவராமல் இருக்க என்ன செய்வது? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று அவள் மனதுக்குள் நினைத்துவிட்டால்?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

கூச்சத்தோடு கேட்ட கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அங்கிருந்தே தொடங்குகிறேன். பளபளப்பில் கடைப் பையோடு போட்டி போட வேண்டாம், அதில் நம்மால் ஜெயிக்க முடியாது. ஆனால் கடைப் பையைத் தைத்தவருக்கு உங்கள் தோழி எந்தத் தோளில் பை மாட்டுவாள் என்று தெரியாது. உள்ளே கையை விட்டு முதலில் எதைத் தேடுவாள் என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் அடுத்த முறை சந்திக்கும்போது தெரிந்துகொண்டுவிடலாம். ஒருத்திக்காகவே உட்கார்ந்து தைப்பதன் லாபம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நிறமும் பூவேலையும் அப்புறம்.

அதனால் துணி எடுப்பதற்கு முன்னால் அவள் இப்போது வைத்திருக்கும் பையைப் பாருங்கள். கைப்பிடியில் எந்த இடம் நைந்திருக்கிறது, அடியில் எந்த மூலை தேய்ந்திருக்கிறது, ஜிப்பைப் போடுகிறாளா அல்லது எப்போதும் திறந்தே கிடக்கிறதா, இதெல்லாம் பையிலேயே எழுதியிருக்கும். என் தோழி ஒருத்தி எப்போதும் இடது தோளில்தான் மாட்டுவாள். வீட்டு வாசலில் நின்று வலது கையைக் குறுக்கே நீட்டி, பைக்குள் விட்டு, சாவியைத் துழாவுவாள். உள்ளே லைனிங் கறுப்புத் துணி. கறுப்புக்குள் சாவி எங்கே தெரியும்? அவளுக்குத் தைத்த பையில் உள்துணியை வெளிர் மஞ்சளாக வைத்தேன். மாட்டிக்கொண்டால் முன்னால் வரும் பக்கத்தில், வாயிலிருந்து ஒரு விரல் நீளம் கீழே, ஒரு சின்ன நாடாவைத் தையலோடு பிடித்து அதில் சாவிக் கொக்கி போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் பழுப்பு நிறப் பைதான். அதை இன்றைக்கும் அவள் கீழே வைப்பதில்லை.

சர்ப்ரைஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பை என்று சொல்லாமலே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கும்போது உயரத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். லேப்டாப் கொண்டுபோவாளா, குடை வைத்திருப்பாளா என்பது பேச்சுவாக்கில் வந்துவிடும். மீதியை நேராகவே கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். தினமும் தோளில் தொங்கப்போகிற சாமான், அதில் ஒரு நாள் ஆச்சரியத்தைவிட வருஷக்கணக்கான சௌகரியம் பெரிது. "உனக்கு ஒரு பை தைக்கிறேன், என்னென்ன எடுத்துப்போவாய்?" என்று கேட்டால் அவளுக்குச் சந்தோஷம் குறையாது. கூடவே உட்கார்ந்து நிறம் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது தனி.

இப்போது அளவு. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். ஃபைலும் நோட்டும் மடங்காமல் போக வேண்டும், பாட்டிலும் நிற்க வேண்டும் என்றால் 36 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரம், அடிப்பாகத்தில் 12 செ.மீ. அகலம் உள்ள பை போதும். இதற்கு வெட்ட வேண்டிய துணிக்குக் கணக்கு இப்படி: அகலத்தோடு அடி அகலத்தை முழுதாகக் கூட்டுங்கள், உயரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள், எல்லா ஓரத்திலும் தையலுக்கு ஒன்றரை செ.மீ. விடுங்கள். அதாவது 51க்கு 41 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. கீழ் மூலைகள் இரண்டிலும் 6 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். பக்கத் தையலும் அடித் தையலும் போட்டு முடித்த பிறகு, அந்தச் சதுர ஓட்டையைப் பிரித்து இரண்டு தையலையும் நேருக்கு நேர் வைத்துத் தைத்தால் அடி 12 செ.மீ. அகலத்தில் உட்கார்ந்துவிடும். முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பை இதே அளவில் வெட்டி, பெரிய பெரிய தையலாகப் போட்டு, அவளுடைய சாமான்களின் அளவில் எதையாவது உள்ளே வைத்துத் தோளில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. நல்ல துணி பிழைக்கும்.

நீங்கள் சொல்லும் "கெட்டியான கேன்வாஸ்" எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. கேன்வாஸை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர கெஜத் துணியின் எடை அது. 10 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம். மேலே சொன்ன இரண்டு துண்டும் சேர்ந்து 0.42 சதுர மீட்டர், வெளித்துணி மட்டும் ஏறக்குறைய 140 கிராம் வரும். அதையே 18 அவுன்ஸில் தைத்தால் 250 கிராமைத் தாண்டும். லைனிங், பட்டை, ஏழெட்டு பாக்கெட் எல்லாம் ஏறினால் பை காலியாக இருக்கும்போதே கனக்கும். 10 அவுன்ஸ் நிறைய வலு. அதற்குப் பின்னால் ஃபியூசிங் (துணி விறைப்பாக நிற்க இஸ்திரி போட்டு ஒட்டுகிற துணி) ஒட்டவும் தேவையில்லை. பாக்கெட்டையும் குறையுங்கள்: ஃபோனுக்கு ஒன்று, பாட்டில் சாயாமல் நிற்கப் பக்கவாட்டில் ஒன்று, சில்லறைச் சாமானுக்கு ஒன்று. மூன்றுக்கு மேல் போனால் எதை எதில் வைத்தோம் என்று தேடுவதே வேலையாகிவிடும்.

துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பருத்தி கேன்வாஸ் சுருங்கும், லைனிங் வேறு அளவில் சுருங்கும், பருத்திப் பட்டையும் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் வாய் ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும்.

வீட்டு மெஷினில் 10 அவுன்ஸ் கேன்வாஸ் ஓடும். ஊசியை மாற்றுங்கள்: 100/16 எண் ஜீன்ஸ் ஊசி, புதிதாக. நூல் பாலியெஸ்டர். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கித் தைத்தால் வலு என்று நினைத்து நீளத்தைக் குறைக்கக் கூடாது, கெட்டித் துணியில் ஊசி ஓட்டைகள் நெருங்க நெருங்க அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். தடித்த மடிப்பு வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷினின் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு தையல் தவறும். அதே துணியின் துண்டு ஒன்றை மடித்துப் பாதத்துக்குப் பின்னால் அடியில் செருகினால் பாதம் சமமாகி, தையல் ஒரே சீராக ஓடும். முதல் முறை செய்து பார்க்கும்போது, இவ்வளவுதானா என்று இருக்கும்.

கைப்பிடிதான் பையின் உயிர். கேன்வாஸையே நாலாக மடித்துக் கைப்பிடி செய்யச் சொல்லிப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். 4 செ.மீ. பட்டைக்கு 16 செ.மீ. துணி வேண்டும், அந்த நாலு மடிப்பை வாய் ஓரத்து மடிப்போடு சேர்த்து ஊசி துளைக்க வேண்டும். வீட்டு மெஷின் திணறுவது அந்த இடத்தில்தான். எடையெல்லாம் அந்த நாலு விரல் தையலிலேயே தொங்குவதால் முதலில் பிய்வதும் அங்கேதான். நெய்த பருத்திப் பட்டை, 38 மி.மீ. அகலத்தில், மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை வாய் ஓரத்தோடு நிறுத்தாமல் பையின் அடி வரைக்கும் இறக்கிவிடுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு பட்டை: அடியில் தொடங்கி மேலே ஏறி, கைப்பிடியாக வளைந்து, மறுபடி அடிக்கு இறங்கும். பக்கத்துக்கு 145 செ.மீ. வீதம் 3 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவே 14 செ.மீ. இடைவெளி. பட்டையின் முனைகள் அடித் தையலுக்குள் போய்விடுவதால் பாரத்தைத் துணி சுமக்காது, பட்டையே சுமக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கங்களை மூட்டுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது பட்டையைத் தைத்துவிட வேண்டும், ஆனால் மேலே 5 செ.மீ. தைக்காமல் விட வேண்டும். பையை மூட்டி, அரை செ.மீ. சிறிதாக வெட்டித் தைத்த லைனிங்கை உள்ளே இறக்கி, இரண்டின் வாய் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்துச் சுற்றிலும் தைத்த பிறகு, கடைசியாக அந்த 5 செ.மீ. மேல் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ரிவர்ஸ் தையல். தோளில் மாட்ட வேண்டுமானால் பட்டையின் உச்சியிலிருந்து பையின் வாய் வரை 25 முதல் 30 செ.மீ. இருக்க வேண்டும். அவள் தடித்த மேல்சட்டை போடுகிறவள் என்றால் 30 பக்கமே வையுங்கள்.

பெயர் எம்பிராய்டரியை வெளியே போடாதீர்கள். கூட்டத்தில் போகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவள் பெயர் எதற்குத் தெரிய வேண்டும்? உள் பாக்கெட்டின் ஓரத்தில், அவள் கை தினமும் படுகிற இடத்தில், சின்னதாகப் போடுங்கள். லைனிங்கைத் தைப்பதற்கு முன்பே செய்துவிட்டால் முடிச்செல்லாம் பின்னால் மறைந்துவிடும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து இஸ்திரிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தையல் முடிந்ததும் அதன் ஓரத் துணியை இரண்டு பக்கமும் விரித்து அழுத்தித் தேய்த்த பைக்கும் தேய்க்காத பைக்கும் உள்ள வித்தியாசம் பார்த்ததுமே தெரியும். 'வீட்டில் தைத்ததா?' என்று கேட்க வைப்பது பெரும்பாலும் தேய்க்காத தையல்தான்.

கையில் கொடுக்கும்போது, இதை மெஷினில் போட்டே துவைக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அன்பாகத் தைத்துத் தந்தது என்று பத்திரமாக அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு, உங்கள் தோழி அப்படிச் செய்துவிடக் கூடாது. மிச்சத் துணியையும் ஒரு முழம் பட்டையையும் எறியாமல் எடுத்து வையுங்கள். தோளில் உராயும் இடம்தான் முதலில் நையும். அப்போது அதன்மேல் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா