80,000 பிஎஸ்ஐ தோட்டா: ரேஞ்சுக்குப் போகுமுன் சில கேள்விகள்

.277 ஃபியூரி ரைஃபிள் தோட்டா வாங்கியிருக்கிறேன். உறையின் அடி வெள்ளையாகவும் மேல்பாகம் பித்தளையாகவும் இருக்கிறதே, ஏன்?

அடிப்பாகம் துருப்பிடிக்காத எஃகு. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, சுடும்போது எழும் அழுத்தத்தின் மேல்வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .270 வின்செஸ்டருக்கு 65,000. ஃபியூரிக்கு 80,000. கார் டயரில் நாம் அடிப்பது 32 என்றால், அதைப்போல் 2,500 மடங்கு! சுடும்போது உறையின் உடலைச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவர் தாங்கிக்கொள்ளும். அடிப்பாகத்துக்கு அந்தத் தாங்கல் கிடையாது, அளவு மீறினால் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான். அதனால் இதைச் செய்யும் சிக் சாவர் நிறுவனம் அங்கே எஃகை வைத்து, உள்ளே ஓர் அலுமினிய வளையத்தால் பித்தளையோடு பூட்டியிருக்கிறது.

பிரைமர் (அடியில் தீமூட்டும் சிறு மூடி) தட்டையானதா, உறையின் அடியில் எஜெக்டர் (வெற்றுறையை வெளியே தள்ளும் முனை) தடம் விழுந்ததா என்று பார்த்தே அழுத்தத்தைக் கணிப்பேன். இதற்கும் அது போதுமா?

போதாது. இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விடவேண்டும். பித்தளை மென்மையானது, அழுத்தம் மிஞ்சினால் தடம் பதிந்து நமக்குச் சொல்லிவிடும். எஃகு அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்காது. அது சொல்லும் நேரத்தில் ரைஃபிளுக்கு என்ன ஆகியிருக்குமோ!

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை நம்புங்கள். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டுக்கு, 16 அங்குலக் குழலில், நிறுவனம் சொன்ன வேகம் நொடிக்கு 3,000 அடி. பெட்டியில் போட்டிருப்பதைவிட 100 அடி கூடுதலாகக் காட்டினால் நான் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுவேன். இன்னொன்று, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டின் கைப்பிடி: அது இறுகுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை வேறொரு ரைஃபிளுக்கான தோட்டாப் பெட்டியை மேசை மேல் வெயிலில் விட்டுவிட்டேன். அரைமணி கழித்துச் சுட்டால், அதுவரை இரண்டு விரலில் தூக்கிய கைப்பிடிக்கு உள்ளங்கையால் தட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெடிமருந்து சூடானால் அழுத்தம் ஏறும். பெட்டி நிழலில் இருக்கட்டும்.

இத்தனை அழுத்தத்தால் வேட்டைக்காரருக்கு என்ன லாபம்?

குழல் குட்டையாகிறது. .270 வின்செஸ்டர் 24 அங்குலக் குழலில் தரும் வேகத்தை இது 16 அங்குலத்தில் தருகிறது. சைலன்சர் மாட்டிக்கொண்டு புதருக்குள் நடப்பவருக்கு அந்த 8 அங்குலம் பெரிய விஷயம். 24 அங்குலக் குழலோடு சந்தோஷமாக இருப்பவர் செலவழிக்கத் தேவையில்லை.

என் .308 ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

உறையின் அடிவட்டம் ஒரே அளவு, போல்ட் முகத்தில் அழகாகப் பொருந்தும். ஆபத்தே அங்கேதான். பின்னோக்கி வரும் உந்தலைத் தாங்கவேண்டியது போல்ட்டின் பூட்டுக் காதுகள், அதாவது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள். ரைஃபிளைச் செய்த நிறுவனம் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய வேண்டாம்.

விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. உடனே போல்ட்டைத் திறக்கலாமா?

கூடாது. குழல்வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, ஒரு நிமிடம் காத்திருங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் ‘டப்’ என்று மட்டும் கேட்டாலும் நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடுமுன் குழலைப் பார்த்தே ஆகவேண்டும்.

முழுப் பித்தளை உறையில் மலிவான ஃபியூரி தோட்டா கிடைக்கிறதே, அதில் பழகிவிட்டு இதைக் காட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பழகுவதற்கு நல்லது. ஆனால் அதன் அழுத்தம் குறைவு, வேகமும் குறைவு, குண்டு விழும் இடமும் மாறும். ஸ்கோப்பைக் காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டாவிலேயே சரிசெய்யுங்கள்: 100 கெஜத்தில், குழல் ஆற ஆற, குறைந்தது பத்து குண்டு. மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்தால் படம் எடுத்து அனுப்பத் தோன்றும். நான்காவதையும் சுட்டுவிட்டு அனுப்புங்கள்.