விலை இறங்கியும் வட்டி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறேன். போன மாதம் விலைவாசி குறைந்ததாகச் செய்தி வந்தது. மத்திய வங்கியோ வட்டியைத் தொடவே இல்லை. காத்திருப்பதா, நிலையான வட்டிக்கு மாறிவிடுவதா?

பதில்: அந்தச் செய்தி சொன்னது எந்த எண் என்று முதலில் பாருங்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டதா, போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிட்டதா? குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அறுவடை வந்தால் விளைபொருள் மலியும், விடுமுறை வந்தால் விமானக் கட்டணம் ஏறும். இது வருடா வருடம் நடப்பதுதான். விலைக் குறியீட்டெண் (பொதுவான விலை அளவைக் காட்டும் எண்) 200லிருந்து 199க்கு வந்தால் 0.5% இறக்கம். சரி, நல்ல செய்திதானே? ஆனால் வழக்கமாக அந்த மாதத்தில் 0.8% இறங்கும் என்றால், இந்த முறை இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம். பருவத்தின் பங்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 0.3% ஏற்றம். இதே வேகம் பன்னிரண்டு மாதம் நீடித்தால் ஆண்டுக்குச் சுமார் 3.7%. நீங்கள் இறக்கத்தைப் பார்த்த இடத்தில் மத்திய வங்கி ஏற்றத்தைப் பார்க்கிறது.

ஆண்டு ஒப்பீட்டில் பருவம் பெரும்பாலும் தானாகவே அடிபட்டுப்போகும். முழுக்க அல்ல. ஈஸ்டர் ஒரு வருடம் மார்ச்சில் வரும், இன்னொரு வருடம் ஏப்ரலில். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். பருவத்தைக் கழித்த மாத எண்ணும் முடிந்த முடிவல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் தன் பருவகாலக் காரணிகளை, அதாவது ஒவ்வொரு மாதத்திலும் பருவத்தின் பங்கு எவ்வளவு என்ற மதிப்பீடுகளை, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு, கடந்த ஐந்து ஆண்டு எண்களையும் திருத்துகிறது. ஒரே ஒரு மாதத் தலைப்புச் செய்தியை நம்பிக் கடன் முடிவெடுப்பது வேண்டாத வேலை என்பேன்.

வட்டி மாற்றத்தின் பலன் விலையில் முழுதாகத் தெரிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு மாதத்தில் தானே அடங்கிவிடும் பருவகால ஏற்றத்துக்காக வட்டியை உயர்த்தினால், மருந்து வேலை செய்யும்போது நோய் இருக்காது. பருவகால இறக்கத்துக்காகக் குறைப்பதும் அப்படித்தான். ஆனால் அந்த ஏற்றம் கூலிக்கும் மற்ற விலைகளுக்கும் பரவினால் மத்திய வங்கி சும்மா இருக்காது.

நீங்கள் பருவகாலம் நீக்கிய எண்ணை மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள். உணவு, எரிபொருள் நீங்கலான பணவீக்கத்தையும் பாருங்கள். இரண்டும் தணிந்தால் காத்திருக்கலாம். அப்புறம், நிலையான வட்டியில் வருங்கால வட்டிக் குறைப்பு பற்றிய சந்தையின் எதிர்பார்ப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் மாறுவதற்கு முன், இரண்டு வட்டிக்கும் உள்ள இடைவெளி, மாற்றுக் கட்டணம், மீதமுள்ள தவணைக் காலம் மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் வாங்கிக் கணக்குப் போடுங்கள்.