ஓடும் வண்டியில் போன் சார்ஜ்: கேட்டதும் சொன்னதும்

பகலில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை, லீவு கிடைத்தால் ரைடு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால், நாளைக் காலை கிளம்புகிறவர்கள் இன்று இரவு எட்டு மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணே, ஒரு சார்ஜர் மாட்டணும், அரை மணி நேரத்துல முடிஞ்சிருமா?" முடியாது. சார்ஜரை ஹேண்டில்பாரில் முடுக்க ஐந்து நிமிடம் போதும், ஒயரை ஒழுங்காக இழுக்கத்தான் இரண்டு மணி நேரம். இரண்டு வாரமாகப் பலரும் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே போடுகிறேன்.

திருச்சிக்காரர், பழைய கிளாசிக் 350: அண்ணே, சார்ஜர் மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. பள்ளத்தில் விழுந்தால் சார்ஜ் கட் ஆகிறது, கொஞ்ச தூரம் போனால் தானாக வருகிறது. சார்ஜர் போய்விட்டதா?

போயிருக்காது தம்பி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன சார்ஜர் போனதுதான், அது பள்ளம் மேடு பார்த்து வேலை செய்யாது. விட்டுவிட்டு வருகிறது என்றால் எங்கோ ஜாயிண்ட் லூஸ். முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். பக்கத்தில் கிடைத்த ஏதாவது ஒரு சேஸ் போல்ட்டில் சுற்றி முடுக்கியிருப்பார்கள். அந்த போல்ட்டுக்குக் கீழே பெயிண்ட் இருக்கும், பெயிண்ட்டுக்குள் கரண்ட் போகாது, போல்ட்டின் மரை வழியாகத்தான் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு மழை பட்டுத் துரு ஏறினால் அதுவும் போச்சு. எர்த்தைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய் விடுங்கள்.

அடுத்தது பாசிட்டிவ் ஜாயிண்ட். ஒயரைத் தோல் சீவி, இன்னொரு ஒயரில் முறுக்கி, மேலே கருப்பு டேப். நம் ஊர் வெயிலுக்கு, அதுவும் டேங்குக்கு அடியில் இன்ஜின் சூட்டில், அந்த டேப்பின் பசை இளகி இரண்டு மாதத்தில் டேப் மட்டும் தனியாக வழுக்கிக்கொண்டு போய்விடும். பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழாயில் ஒயரை நுழைத்து நசுக்கி இறுக்கி, சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்தால் இன்னும் ஸ்ட்ராங் என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டு ரேடியோவுக்குச் சரி. பைக்கில் சால்டர் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேதான் முறியும்.

இன்ஜினை ஓடவிட்டு, போனைச் சொருகி, ஒயரை ஒவ்வொரு இடமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். எங்கே ஆட்டும்போது கட் ஆகிறதோ அதுதான் இடம். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து: சார், நாள் முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டே போனால் வண்டி பேட்டரி இறங்கிவிடாதா?

வண்டி ஓடும்போது இறங்காது. கணக்கைப் பாருங்கள். நல்ல ஃபாஸ்ட் சார்ஜர் 18 வாட் கொடுக்கிறது, நடுவில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் வண்டியிலிருந்து 20, 21 வாட் எடுக்கும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர். உங்கள் ஹாலஜன் ஹெட்லைட் 55 அல்லது 60 வாட். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் அதை அணைக்க ஸ்விட்சே இல்லை, பட்டப்பகலிலும் எரிகிறது. அதையே தாங்குகிற வண்டிக்கு இந்தப் போன் மூன்றில் ஒரு பங்குச் சுமை.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, டிராஃபிக்கில் நின்று ஐடிலில் உறுமிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றக் கரண்ட் தருகிற பாகம், கொடுப்பது குறைவு. ஃபேன், ஃபாக் லைட், சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் பேட்டரியிலிருந்துதான் போகும். ஃபாக் லைட்டை அணையுங்கள், போன் பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொன்று, பழைய 100 சிசி வண்டிகள். பலவற்றில் ஹெட்லைட் ஏசி கரண்டில் நேராக ஓடும், பேட்டரிக்குப் போவது கொஞ்சம்தான், பேட்டரியும் கைக்குள் அடங்குகிற அளவு. அதில் ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம், 5 வோல்ட் 1 ஆம்பியர் போதும்.

கோவை, ஹிமாலயன் 411: பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதா, சாவியிலிருந்து எடுப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டிலிருந்தும். கரண்ட் பேட்டரியிலிருந்து, உத்தரவு சாவியிலிருந்து.

நேராகப் பேட்டரியில் போட்டுவிட்டால் வண்டி நின்ற பிறகும் சார்ஜர் விழித்துக்கொண்டே இருக்கும். வோல்ட் காட்டுகிற சிவப்பு எழுத்து உள்ள சார்ஜர் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர். உங்கள் பேட்டரி மொத்தமே 8. வண்டியை மூடி வைத்துவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் பாதிக்கு மேல் காலி, செல்ஃப் "டக் டக்" என்று மட்டும் சொல்லும். ஹிமாலயனில் உதைக்கக் கிக்கரும் கிடையாது.

அதனால் ஒரு ரிலே போடுங்கள், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச் அது. நாலு கால் ரிலேயில் 30 என்று எழுதிய காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக. 87 சார்ஜருக்கு. 85 எர்த். 86 காலுக்கு, சாவி போட்டதும் உயிர் வருகிற ஏதாவது ஒரு ஒயர். பிரேக் லைட் ஸ்விட்சுக்கு வருகிற ஒயர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு தொடுங்கள். சாவியை எடுத்தால் சார்ஜரும் தூங்கிவிடும். கம்பெனி ஒயரில் கூடுதல் சுமையும் ஏறாது, ரிலேயின் காயில் எடுப்பது மிகக் குறைவு.

அவரே மீண்டும்: ஃபியூஸ் எங்கே வர வேண்டும்? வாங்கிய சார்ஜரிலேயே, வாய்க்குப் பக்கத்தில், ஒரு ஃபியூஸ் இருக்கிறதே.

அங்கே இருந்து பிரயோசனமில்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள ஒயருக்குக் காவல் யாரும் இல்லை, அதனால் அந்த நீளம் ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. 3 அல்லது 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும்.

ஒரு வண்டி வந்தது, டேங்குக்கு அடியில் புகை என்று. சார்ஜர் ஒயரை டி-க்கு, அதாவது முன் ஃபோர்க்கைப் பிடித்து ஹேண்டிலோடு திரும்புகிற பாகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள், ஹேண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் ஒயர் சேஸின் விளிம்பில் உரசியிருக்கிறது. ஒரு வருடம் உரசித் தோல் தேய்ந்து, செம்பு வெளியே வந்து சேஸைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் மேலே ஹேண்டில்பாரில், ஷார்ட் கீழே. ஃபியூஸ் எரியவே இல்லை, ஒயர்தான் எரிந்தது. பெட்ரோல் டேங்குக்கு நாலு விரல் தள்ளி. அதனால் ஒயரைக் கட்டும் முன் ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்துப் பார்த்து, தொய்வு விட்டுக் கட்டுங்கள்.

சேலம்: வோல்ட் மீட்டர் உள்ள சார்ஜர் சும்மா அலங்காரம்தானே ப்ரோ?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறுகிறபோது, நாற்பது கொண்டை ஊசியில் பாதியைத் தாண்டியிருப்பேன், எப்போதும் 14.2 காட்டுகிற மீட்டர் 15.6 காட்டியது. ஏதோ தவறாகக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த வளைவில் 16.4. ஓரமாக நிறுத்திக் கை வைத்தால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர், அதுதான் ஆர்ஆர் யூனிட், தொட முடியாத சூடு. போனை உருவி, கியரை ஏற்றி, ஆர்பிஎம்மை ஏற்றாமல் உருட்டிக்கொண்டே போனேன். அப்படியும் வால்பாறை போய்ச் சேர்வதற்குள் ஹெட்லைட் பல்ப் போனது. மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய ஆர்ஆர் யூனிட் வந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. சார்ஜர் 24 வோல்ட் வரை தாங்குகிற வகை என்பதால் போன் பிழைத்தது.

வண்டி அணைந்திருக்கும்போது 12.6 பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இது சரி. ஓடும்போதும் 12.5 தாண்டவில்லை என்றால் சார்ஜிங் இல்லை, 15க்கு மேல் என்றால் ரெகுலேட்டர் போகிறது. இனி அலங்காரம் என்று சொல்லாதீர்கள்.

திருநெல்வேலி: ஃபாஸ்ட் சார்ஜர் என்றுதான் போட்டிருக்கிறது. மேப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டினேன், 60-இல் ஆரம்பித்தது 55-இல் நிற்கிறது.

மேப் ஓடி, வெயிலில் ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் இருந்தால், உள்ளே வருகிறதில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். அதற்கு மேல் கேபிள். ரோட்டோரம் வாங்கிய மெல்லிய ஒன்றரை மீட்டர் கேபிளில் வோல்ட் பாதி வழியிலேயே தொலைகிறது. ஒரு அடி நீளம், கொஞ்சம் தடிமன், போன் பக்கம் எல் மாதிரி வளைந்த முனை, இது போதும். காந்த முனை கேபிள் வேண்டாம், கல் ரோட்டில் கழன்றுகொண்டே இருக்கும், தூசியையும் வாரிக்கொள்ளும்.

சார்ஜரே மட்டமாக இருந்தாலும் இதே கதைதான். விலை குறைந்த சிலவற்றுக்குள் 14 வோல்ட்டை 5 ஆக்க மிச்சம் 9 வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளும் பழைய முறை. 1 ஆம்பியர் எடுத்தால் போனுக்கு 5 வாட், காற்றுக்கு 9 வாட். தொட்டால் சுடுகிற சார்ஜர் என்றால் மாற்றிவிடுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு "போன் சூடாகிவிட்டது" என்று காட்டி சார்ஜே ஏற மாட்டேன் என்கிறது. வண்டியில் கோளாறா?

இல்லைம்மா, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வேலூர் வெயில், இன்ஜின் சூடு, மேப், சார்ஜ், நாலும் ஒரே நேரத்தில் என்றால் அது என்ன செய்யும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்துக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள், உச்சி வெயிலில் கேபிளை உருவிவிடுங்கள். மேப்பை முன்னாலேயே டவுன்லோடு செய்து, ஸ்கிரீனை அணைத்து, ஹெல்மெட் ப்ளூடூத்தில் குரலை மட்டும் கேளுங்கள். ஒயர்லெஸ் சார்ஜிங் ஹோல்டர் பார்க்க அழகு, கோடையில் வாங்காதீர்கள், அது வேறு தனியாகச் சூடாக்கும். காற்றுப்படாத உறைக்குள், டேங்க் பேக்குக்குள் வைத்துச் சார்ஜ் போடவே வேண்டாம். அப்புறம், டீக்கடையில் நிற்கும்போது போனைக் கையோடு நிழலுக்கு எடுத்துப் போங்கள், நாம் மட்டும் ஒதுங்கினால் எப்படி.

சென்னை, புல்லட்: ஐபோன் கேமரா கெட்டுப்போகும் என்பது வதந்தியா?

வதந்தி இல்லை. ஆப்பிளே 2021 செப்டம்பரில் எச்சரித்தது: அதிக சிசி பைக் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி, கேமராவின் அதிர்வு தாங்கும் பாகத்தையும் ஆட்டோஃபோகஸையும் பாதிக்கலாம் என்று. அதிர்வை உறிஞ்சுகிற ரப்பர் வைத்த மவுண்ட் வாங்குங்கள். என் வழி வேறு: ஹேண்டில்பாரில் பழைய போன், அதற்கு மேப் மட்டும். நல்ல போன் ஜாக்கெட்டுக்குள்.

நாகர்கோவில்: மழையில்?

சார்ஜரின் வாய் கீழே பார்த்தபடி மாட்டுங்கள், வானத்தைப் பார்த்து மாட்டினால் கிண்ணம் மாதிரி நீர் பிடிக்கும். போனின் வாயில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் வம்பு செய்யாமல் கழற்றி, உதறி, காயவிடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் பின்கள் அரித்துப் போகும். மழைக்காலத்தில் நான் பவர் பேங்க்கோடு சரி.

ஓசூர்: ஜூலையில் லடாக்கில் உள்ள லே போகிறோம். டெல்லி வரை ரயிலில் வண்டி, அங்கிருந்து ஓட்டுகிறோம். இரண்டு பேர் மட்டும் விமானத்தில் லேக்கு வருகிறார்கள். என்ன எடுத்துப் போக?

ஆளுக்கு ஒரு பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 6,000 சொச்சம்தான் கையில் கிடைக்கும், உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட், மாற்றுவதில் கொஞ்சம் சேதாரம். 5,000 போனை ஒரு தடவை முழுசாக, அடுத்த தடவை கொஞ்சம் ஏற்றலாம். விமானத்தில் வருகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ராத்திரி கூடாரத்தில் போனையும் பவர் பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். உறைகிற குளிரில் லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது, உள்ளே கெடும். காலையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, வண்டி கிளம்பிய பிறகு சொருகுங்கள். வண்டியைக் கழுவும்போது ஃபியூஸ் பெட்டியையும் ஒரு முறை துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், மிச்ச ஃபியூஸ் நாலு வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: ஹேண்டில்பாரில் போன் இருந்தால் போலீஸ் பிடிப்பார்களா?

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது. கையில் பிடித்துப் பேசினால் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

திண்டுக்கல்: வருடத்துக்கு இரண்டு ரைடுதான் போவேன். இவ்வளவும் வேண்டுமா அண்ணே?

வேண்டாம். பவர் பேங்க் வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டி வாங்குகிற எண்ணம் இருந்தால் யுஎஸ்பியோடு வருவதையே பாருங்கள். மீட்டியோர், ஹிமாலயன் 450, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் எல்லாவற்றிலும் கம்பெனியே கொடுக்கிறது, ஒயரை வெட்டி வாரன்டி சண்டை போடுகிற வேலை மிச்சம்.

திருச்சிக்காரர், மறுபடி: அண்ணே, எர்த் இல்லை, பாசிட்டிவ் ஜாயிண்ட்தான். டேங்கைத் தூக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே டேப் மட்டும் தனியாகக் கிடக்கிறது. ஒயரில் பச்சை. பேட்டரி பக்கம் ஃபியூஸும் இல்லை.

ஃபியூஸ் போடுகிற வரை அந்த ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றியே வையுங்கள் தம்பி.