ராத்திரிப் பசிக்குக் காலையில்தான் வைத்தியம்

கேள்வி: கொரோனா ஊரடங்கின்போது கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது முதுகலை படிக்கிறேன். அன்று ஆரம்பித்த பழக்கம், இன்றும் இரவு 3 மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. வகுப்பில் யாராவது இருமினால் நெஞ்சு படபடக்கிறது. உடம்பு போட்டுவிட்டதால் காலையிலும் மதியமும் சாப்பாட்டை விட்டுவிட்டேன். ஆனால் நள்ளிரவில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, விடியும்வரை என்னையே திட்டிக்கொள்கிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பதில்: மனக்கட்டுப்பாடு இல்லாதவரால் பகல் முழுக்கப் பட்டினி கிடக்க முடியாது. உங்களிடம் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதைத்தான் தப்பான நேரத்தில் செலவழிக்கிறீர்கள்.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு, அவர்களின் சம்மதத்தோடு, சுமார் 6 மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தடை நீங்கியதும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை. உங்கள் நள்ளிரவும் அதே கதைதான்: பகலில் கொடுக்காததை உடம்பு ராத்திரியில் பிடுங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்குத் தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். மனப்பதற்றமும் சேர்ந்துகொண்டால், சாப்பிடும் அந்தப் பத்து நிமிடம்தான் நாளிலேயே நிம்மதியான நேரமாகிவிடும்.

அதனால் ராத்திரியோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். 7 மணி என்றால் 7 மணி; முந்தைய இரவு 3 மணிக்குத் தூங்கியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். பசிக்காது, குமட்டக்கூடச் செய்யும். ராத்திரி தின்றது இன்னும் வயிற்றில் இருக்கிறதே! கொஞ்சமாகவாவது சாப்பிடுங்கள். அப்புறம் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரி அதிகம் சாப்பிட்டுவிட்ட மறுநாளும் இதே கணக்குதான். ‘நேற்றுத் தின்றதற்கு இன்று பட்டினி’ என்று ஆரம்பித்தால் சக்கரம் மறுபடி சுழலும். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஊரடங்கில் கட்டில்தான் வகுப்பறை, கட்டில்தான் சினிமா தியேட்டர். இனி அது தூங்க மட்டும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துபோய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் செருகும்போது திரும்புங்கள். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே 5 மணி நேரம் போல ஆகும், எனவே மதியத்துக்கு மேல் வேண்டாம்.

இருமல் விஷயம் சுருக்கமாக: உடம்பு சரியில்லாதவர் பக்கத்தில் இருந்தால் முகக்கவசம் போடுவது நியாயம். ஆனால் வெறும் படபடப்புக்காக எழுந்து ஓடாதீர்கள். உட்கார்ந்தே இருந்தால் அது கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். ஓடினால், ‘ஓடியதால்தான் பிழைத்தோம்’ என்று மூளை நம்பிவிடும்.

சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது, எடை வேகமாக இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும், கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது என்று 3 மாதமாக நடந்துவந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேசியே குணப்படுத்தும் உளவியல் சிகிச்சைக்கு இது நன்றாகவே கட்டுப்படும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எப்போது எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள். கலோரியும் எடையும் அதில் வேண்டாம்.