மாற்றுக் கல்லீரலுக்கு மரபணுக் காப்பு: கேள்வி பதில்

பொள்ளாச்சி வாசகர்: தானமா வர்ற கல்லீரல ஐஸ் பெட்டியில பத்திரமாத்தானுங்க கொண்டு வர்றாங்க? அப்புறம் எப்படி அது அடிபடுது?

பெட்டியில் பாதி அடி, திரும்ப ரத்தம் ஓடும்போது மீதி அடி. 4 டிகிரியில் செல்லின் பசி குறையும், நிற்காது. ஆக்சிஜன் இல்லாமல் செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்ந்துபோகும், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பாதி எரிந்த பொருள் தேங்கும். ரத்தக்குழாயைத் தைத்து, அதை அடைத்திருந்த கிளாம்ப்பை எடுத்ததும், தேங்கியது சில நிமிடங்களில் எரிந்து ஆக்சிஜன் நச்சுகளைக் கக்கும். கல்லீரலிலேயே குடியிருக்கும் காவல் செல்களான குப்ஃபர் செல்கள், வீக்கத்தை மூட்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை வெளியிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடும். நுண்குழாய்களின் உட்சுவர் வீங்கி ரத்தம் போகும் வழி அடைபடும். கொழுப்பேறிய கல்லீரல்தான் இதில் அதிகம் சிக்கும்.

திருப்பூர் வாசகர்: காப்பாத்தற மரபணுவ அந்த ஐஸ் பெட்டித் தண்ணியிலயே கலந்து விட்டா என்னங்க?

நல்ல கேள்வி. உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்: 60 டிகிரியில் ஏறுகிற சாயம் ஐஸ் தண்ணீரில் ஏறுமா? மரபணுவைச் சுமக்கும் வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டும், மரபணு ஆர்என்ஏ என்ற நகலாக வேண்டும், ஆர்என்ஏ புரதமாக வேண்டும். குளிரில் இவை எல்லாமே ஏறக்குறைய தூங்கிவிடும். வெப்பத்திலும் அவகாசம் வேண்டும். சுமக்கும் வைரஸ் அடினோவைரஸ் என்றால் ஒரு நாள் போல, ஏஏவி என்ற இன்னொரு வைரஸ் என்றால் வாரக்கணக்கில். காயத்தின் பெரும்பகுதியோ ரத்தம் திறந்த முதல் சில மணி நேரத்தில் நடந்துவிடும். தீ அணைந்த பிறகு தண்ணி லாரி வந்து என்ன பயன்?

இந்தத் துறையின் தலைவலியே இந்த நேரக்கணக்குதான். 1999-ல் கொழுப்பேறிய எலிக் கல்லீரல்களில் எச்ஓ-1 என்ற மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிக் காப்பாற்றிக் காட்டினார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமை உடைத்துப் பிலிவெர்டின் என்ற நிறமியும் சிறிது கார்பன் மோனாக்சைடும் தருகிற நொதிக்கான மரபணு அது. இரண்டுமே வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் அங்கே மரபணுவைத் தானம் தரும் எலிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்தவருக்கு வைரஸை ஏற்றினால் அது சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் போகும். அவற்றைப் பெறுகிறவர்களிடம் யார் சம்மதம் கேட்பது?

அதனால்தான் எல்லோர் கண்ணும் 37 டிகிரி பெர்ஃபியூஷன் இயந்திரத்தின் மேல். சிவப்பணு கலந்த திரவத்தை ஓட்டிக் கல்லீரலை உயிரோடு வைத்திருக்கும். அந்தச் சுற்றில் மருந்தைச் செலுத்தி, ஒட்டாததைக் கழுவிவிட்டுப் பொருத்தலாம். அங்கே வைரஸைவிட, கொழுப்புத் துகளில் பொதிந்த எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ நகல்) எனக்குப் பிடிக்கும். சில மணி நேரத்தில் புரதம் வந்துவிடும், சில நாளில் மறைந்தும்விடும். நமக்கு வேண்டியதும் அவ்வளவு நாள்தான்.

கோபி வாசகர்: எஸ்ஐஆர்என்ஏ?

அது சின்ன ஆர்என்ஏ துண்டு; கெட்ட மரபணுவின் வாயை அடைக்கும். ஏற்கெனவே உருவான புரதத்தை அது தொடாது, அதனால் அதற்கும் முன்னவகாசம் வேண்டும். 2018-ல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து கல்லீரலுக்குப் போகும் எஸ்ஐஆர்என்ஏதான், ஆனால் நோய் வேறு.

கரூர் வாசகர்: இந்த மரபணுக் காப்பு கோயம்புத்தூர்ல எந்த ஆஸ்பத்திரியில கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. இன்னும் ஆய்வு நிலைதான்.

ஈரோடு வாசகர்: மஞ்சள்ல இருக்கிற குர்குமினே நீங்க சொன்ன எச்ஓ-1-ஐக் கூட்டுதுன்னு படிச்சேனுங்க. மாத்திரை போட்டா போதாதா?

ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் கூட்டும், உண்மை. வாய்வழி போட்டால் குடலும் கல்லீரலுமே அதை மாற்றி வெளியேற்றிவிடும், ரத்தத்தில் சொற்பமே மிஞ்சும். அதைச் சரிசெய்ய மிளகின் பைப்பெரினைச் சேர்த்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மாற்று அறுவை ஆனவருக்கு, உடல் புது உறுப்பை எதிர்க்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். வேண்டாம்.

ஈரோடு வாசகர்: எங்கூரு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. அத விஷம்ங்கறீங்களா?

குறியீடு கிழங்குக்கு. நான் பேசுவது பாட்டிலில் அடைத்த சத்தைப் பற்றி.

நாமக்கல் வாசகர்: அப்போ ரசத்துல மஞ்சள் போடக்கூடாதுங்களா?

போடுங்க. சமையல் அளவு வேறு, மாத்திரை வேறு.

சத்தியமங்கலம் வாசகர்: கீழாநெல்லிச் சாறு?

மாற்று அறுவை ஆனவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும் வேண்டாம். பம்ப்ளிமாஸ் பழமும் வேண்டாம், டாக்ரோலிமஸை ஏற்றிவிடும்.

தாராபுரம் வாசகர்: மரபணுவ ஏத்திவிடற வைரஸ் ஆபத்தில்லைங்களா?

ஆபத்துதான். 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், கல்லீரலுக்கு அடினோவைரஸ் செலுத்திய நான்காம் நாள் இறந்தார். வைரஸை முதலில் விழுங்குவது குப்ஃபர் செல்கள்தான். அதாவது, நாம் அமைதிப்படுத்த நினைக்கிற செல்லையே வைரஸ் சீண்டிவிடும்.

காங்கயம் வாசகர்: எங்க மாமாவுக்கு அண்ணன் மகன் கல்லீரல்ல பாதி குடுக்கறான். இதெல்லாம் வேணுங்களா?

உயிருள்ளவர் தருவதில் ஐஸில் இருக்கும் நேரம் குறைவு, அடியும் குறைவு. அங்கே கவலை வேறு: மாமாவின் உடல் எடைக்கு அந்தத் துண்டு போதுமா என்பது. சர்ஜனிடம் கேளுங்கள். கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் முதல் இரண்டு மூன்று நாள் ஏறி இறங்கும். அதைவிட ரத்தத்தில் தேங்கும் லாக்டேட்டும், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவும் இறங்குகிறதா என்று விசாரியுங்கள்.

கரூர் வாசகர்: சென்னையிலயாவது கிடைக்குங்களா?

இல்லைங்க. பணம் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: பைப்பெரின் இல்லாத மாத்திரைன்னா?

பாட்டிலைப் போட்டோ எடுத்து உங்கள் டிரான்ஸ்பிளான்ட் கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்புங்க. மஞ்சள் கேள்வி இனி எடுக்கமாட்டேன்.