கேளுங்க, சொல்றேன்: முகத்துக்கு ஒரு கலர், கழுத்துக்கு ஒரு கலரா?

ஆடி முடிஞ்சு ஆவணி முகூர்த்தம் ஆரம்பிச்சாச்சு, கூடவே கணபதியும் வருது, அதனாலயோ என்னவோ இந்த தடவை வந்த மெயில்ல முக்காவாசி மேக்கப் கேள்விதான். மும்பை மாட்டுங்கால பார்லர் வச்சு 18 வருஷம் ஆச்சு, கைக்கு தெரிஞ்சதை சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், "என்னை வெள்ளையா காட்டுங்க"ன்னு வர்ற மெயிலுக்கு என்கிட்ட பதில் கிடையாது.

அக்கா, நான் தினம் செம்பூர்ல இருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வேலைக்கு போறேன். ஃபவுண்டேஷன் போட்டா வீட்டு கண்ணாடில நல்லாதான் இருக்கு, ஆபீஸ் போய் செல்ஃபி எடுத்தா முகம் சாம்பல் பூசுன மாதிரி இருக்கு. விலை கூடின பிராண்டுதான் வாங்குறேன். எங்க தப்பு? – செம்பூர் வாசகி

பிராண்டு மேல பழி போடாதம்மா, ஷேடுதான் தப்பு. என்ன நடந்திருக்கும்னு நானே சொல்லட்டா? மால்ல கவுண்டர்ல நிக்கிற பொண்ணு உன் புறங்கைல ஒரு சொட்டு வச்சு தேய்ச்சு "மேம் ஒரு ஷேடு லைட்டா எடுங்க, பிரைட்டா இருக்கும்"னு சொல்லியிருப்பா, நீயும் சரின்னு வாங்கியிருப்ப. புறங்கை கலருக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த மால் லைட்டுல கத்தரிக்காய் கூட தக்காளி மாதிரிதான் தெரியும்.

இப்படி பண்ணு. தாடை முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல மூணு ஷேடு பக்கத்து பக்கத்துல சின்ன சின்ன கோடா இழுத்துட்டு கடைய விட்டு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாரு, எந்த கோடு இருக்கற இடம் தெரியாம போகுதோ அதுதான் உன் ஷேடு. அப்பவும் உடனே வாங்காத, கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு, ஏன்னா சில ஃபவுண்டேஷன் காத்தும் நம்ம தோல் எண்ணெயும் பட்டதும் ஒரு படி கறுத்துடும். அடுத்தது அண்டர்டோன். மாநிறமோ கறுப்போ, நம்மள்ல நிறைய பேருக்கு தோலுக்கு அடில ஒரு மஞ்சளோ பொன்னோ ஓடும், சிலருக்கு லேசா பச்சை கலந்த ஆலிவ். அது மேல ரோஸ் கலந்த ஷேடையோ ரெண்டு படி வெளுப்பான ஷேடையோ பூசினா வெள்ளையா தெரியாது, நீ சொல்ற அந்த சாம்பல்தான் தெரியும். வெளுப்பு ஷேடுக்காக அதுல கலக்குற வெள்ளை நிறமிதான் காரணம். சரியான ஷேடு கிடைக்கலன்னா ரெண்டு பாட்டில் வாங்கி கலந்துக்கறதுல ஒரு தப்பும் இல்ல, நாங்க பார்லர்ல பாதி நாள் அதான் பண்றோம்.

கண்ணுக்கு கீழ கறுப்புக்கும் இதே கதைதான். அந்த கறுப்புல ஒரு நீலம் கலந்திருக்கும், அது மேல நேரா, கறையை மறைக்கிற கன்சீலரை வெளுப்பா வச்சா சாம்பலாகும். முதல்ல ஆரஞ்சு கரெக்டர் கடுகளவு, விரல் நுனியால தட்டி தட்டி, கறுப்பு இருக்குற இடத்துல மட்டும். நீலத்துக்கு நேர் எதிர் கலர் ஆரஞ்சு, ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும். அதுக்கப்புறம் உன் முகக் கலர்லயே கன்சீலர் கொஞ்சம். தேய்க்காத, தேய்ச்சா கீழ வச்ச கரெக்டரும் சேர்ந்து வந்துடும்.

எனக்கு இதெல்லாம் பட்டுதான் புரிஞ்சுது. என் கல்யாணத்துக்கு ஒரு பார்லர்காரம்மா எங்கம்மா பேச்சைக் கேட்டு என்னை மூணு ஷேடு வெளுப்பா ஏத்தி விட்டாங்க, ஆல்பத்துல இன்னைக்கும் முகம் ஒருத்தியோடது கை இன்னொருத்தியோடதுதான், தாலி கட்டுற போட்டோல என் கழுத்தைப் பாத்து என் பொண்ணு "இது யாரும்மா"ன்னு கேக்குறா.

அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஹால். என் மூக்கு கொஞ்சம் அகலம். கான்டூர் பண்ணா கூர்மையா தெரியும்னு வீடியோல பாத்தேன், நான் பண்ணிப் பாத்தா மூக்குல ரெண்டு பக்கமும் சேறு பூசின மாதிரி இருக்கு. – மாட்டுங்கா வாசகி

கண்ணு, கான்டூர்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, நிழல். வெளிச்சம் பட்டா முன்னாடி வரும், நிழல் விழுந்தா உள்ள போகும், கோயில் தூண்ல சிற்பி பண்றதைத்தான் நாம பிரஷ்ல பண்றோம். நிழலுக்கு செம்மண் கலர் உண்டா? கிடையாதுல்ல? நீ எடுத்தது பிரான்சரா இருக்கும், அதுல சிவப்பும் ஆரஞ்சும் இருக்கும், அது வெயில்ல காய்ஞ்ச முகம் மாதிரி காட்டத்தான். கான்டூருக்கு உன் கலரை விட ஒண்ணு ரெண்டு படி டார்க்கா, சிவப்பு இல்லாத, கொஞ்சம் சாம்பல் ஓடுற பிரவுன் வேணும்.

போடுறப்போ புருவம் ஆரம்பிக்கிற இடத்துல இருந்து மூக்கு நுனி வரைக்கும் ரெண்டு பக்கமும் மெல்லிசு கோடு, ஐ ஷேடோ போடுற சின்ன பிரஷ்லயே போதும், ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடுறியோ அவ்வளவுதான் மூக்கோட அகலமா தெரியும்ங்கறதை ஞாபகம் வச்சுக்கோ. நடு எலும்பு மேல மட்டும் ஒரு துளி வெளுப்பு கன்சீலர், நுனில வேண்டாம், நுனில பளபளன்னு வச்சா உருண்டையா தெரியும். அப்புறம் காலி பிரஷ்ஷை எடுத்து கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியாத வரைக்கும் தேய்ச்சுட்டே இரு. நீ தேய்க்கறதை நிறுத்துன இடத்துல இன்னும் ரெண்டு நிமிஷம் தேய்க்கணும்னு வச்சுக்கோயேன்.

ஆனா என்னைக் கேட்டா மூக்கை விட்டுடு. நிச்சயதார்த்தத்துக்கு மூக்குத்தி போடுவியா? வைரமோ கல்லோ மின்னுறப்போ பாக்குறவங்க கண்ணு மூக்குக்குத்தான் போகும், நீ அங்க நிழல் போட்டு என்ன பிரயோஜனம். அதுக்கு பதிலா கண்ணுக்கும் புருவத்துக்கும் வேலை செய். புருவத்துக்கு ஒரு பென்சிலை எடுத்து மூக்கு ஓரத்துல நேரா நிக்க வை, அது தொடுற இடத்துல புருவம் ஆரம்பிக்கணும், மூக்கு ஓரத்துல இருந்து கண்ணோட வெளி ஓரத்தைத் தொட்டு சாய்ச்சு பிடி, அங்க முடியணும். நடுவுல முடி இல்லாத ஓட்டையை மட்டும் முடி முடியா வரைஞ்சு அடைச்சா போதும், மார்க்கர்ல கோடு போட்ட மாதிரி வேண்டாம். பிளஷ் கன்னத்து எலும்புக்கு மேல தொடங்கி காது பக்கம் ஏத்தி விடு, மூக்கு பக்கத்துல கொண்டு வராத, ரெண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

இன்னொண்ணு, அன்னைக்கு ஃபிளாஷ் போட்டோ எடுப்பாங்க. வெள்ளை வெள்ளையா படியுற சன்ஸ்கிரீன், சிலிக்கா பவுடர் இதெல்லாம் அள்ளிப் பூசினா ஃபிளாஷ் திரும்பி அடிச்சு முகம் மட்டும் பேய் மாதிரி வரும். முந்தின நாளே மொத்த மேக்கப்பையும் போட்டு மொபைல் ஃபிளாஷ்ல ஒரு போட்டோ எடுத்துப் பாத்துடு, இதுக்கு சோம்பல்படாத.

தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இருக்கேன், காலேஜ் செகண்ட் இயர். கைல 600 ரூபா இருக்கு. முதல்ல என்ன வாங்கலாம்? ஃபவுண்டேஷனா? – தாராவி வாசகி

ஃபவுண்டேஷன் வேண்டாம். உன் வயசுல தோல் மேல பூச்சு எதுக்கு? சன்ஸ்கிரீன் ஒண்ணு, காஜல் ஒண்ணு, லிப்ஸ்டிக் ஒண்ணு, இதுக்கு 600 ரூபா பத்தும், மிச்சம் இருந்தா வடா பாவ் சாப்பிடு.

லிப்ஸ்டிக் வாங்கறப்போ பேபி பிங்க், வெளுத்த நியூட் பக்கமே போகாத, நம்ம உதட்டுல அது சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கும். செங்கல் கலர், மெரூன், நாவல்பழ கலர் இப்படி எடு. க்ரீம் மாதிரி இருக்கறதா வாங்கினா அதையே ரெண்டு கன்னத்துலயும் ஒரு ஒரு புள்ளி வச்சு விரலால தட்டி விடலாம், பிளஷ் காசு மிச்சம். மேல் உதடு கறுப்பு, கீழ் உதடு ரோஸ்னு ரெண்டு கலரா இருக்கறவங்க நம்மள்ல ரொம்ப சகஜம், அப்படி இருந்தா ரோஸா இருக்குற உதட்டுல மட்டும் கொஞ்சம் டார்க்கான லிப் பென்சில் தடவிட்டு மேல லிப்ஸ்டிக் போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

காஜலுக்கு ஒரு சூட்சுமம். கண்ணு சின்னதா இருக்கறவ கீழ் இமைக்கு உள்ள முழுக்க அப்பினா கண்ணு இன்னும் சுருங்கும். மேல் இமைல முடி வேர் பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு, கீழ வெளி ஓரத்துல மூணுல ஒரு பங்கு மட்டும், அவ்வளவுதான். பெரிய கண்ணு இருந்தா உன் இஷ்டம், தாராளமா இழுத்துக்கோ. அடுத்தவ காஜலை வாங்கி போடாத, உன்னுதையும் குடுக்காத, கண்ணு சிவந்து ஒட்டிக்கிட்டு நிக்கும். பேரில்லாத டப்பால விக்கிற சுர்மா, அதான் கண்ணுக்கு இடற கறுப்புப் பொடி, வேண்டவே வேண்டாம், அதுல சிலதுல ஈயம் இருக்கு.

கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் போனா பெரிய பிராண்டு பாதி விலைக்கு கூவி கூவி விப்பாங்க. ஆசைப்படாத. பாக்கெட்ல தயாரிச்சவங்க முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி நாலும் இருக்கான்னு பாரு, எழுத்து மங்கலா இருந்தாலோ எழுத்துப்பிழை இருந்தாலோ அங்கயே வச்சுட்டு வந்துடு. திறந்த டப்பா படத்துக்குள்ள 6ன்னோ 12ன்னோ ஒரு நம்பர் போட்டிருக்கும், திறந்த பிறகு அத்தனை மாசம்தான் வச்சுக்கலாம்னு அர்த்தம்.

எனக்கு 58 வயசு, முலுண்ட். பேத்தி கல்யாணத்துக்கு கொஞ்சம் நன்னா தெரியணும்னு காம்பேக்ட் போட்டுண்டா சுருக்கம் எல்லாம் பளிச்னு தெரியறது. கண்ணிமையும் தொங்கிப் போச்சு. 1980கள்ல இருந்து லக்மே காம்பேக்ட்தான் போட்டுண்டு வரேன். – முலுண்ட் மாமி

மாமி நமஸ்காரம். 58 வயசுல பேத்தி கல்யாணமா, எண்ணிப் பாத்துண்டே இருக்கேன், அக்கா பேத்தியா இருக்கும். லக்மே நல்ல சேதி, டாட்டா 1952ல ஆரம்பிச்சது, லட்சுமிங்கற பேர் ஃபிரெஞ்சுல போய் லக்மேன்னு திரும்பி வந்தது. காம்பேக்ட் மேல கோபம் இல்ல மாமி, ஆனா வயசானா தோல் காஞ்சுடும், காஞ்ச தோல்ல பவுடர் போட்டா வெடிச்ச வயல்ல வெள்ளை அடிச்ச மாதிரி ஒவ்வொரு கோட்டுலயும் போய் உக்காந்துடும். முதல்ல மாய்ஸ்சரைசர் நல்லா தடவி ஒரு காபி குடிச்சுட்டு வாங்க. அப்புறம் க்ரீமா இருக்குற ஃபவுண்டேஷன் மூக்கு, மோவாய், எங்கெல்லாம் திட்டு திட்டா இருக்கோ அங்க மட்டும் ஈர ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க. பவுடர் நெத்தி நடுவுலயும் மூக்குலயும் மட்டும், கண்ணுக்கு கீழ சத்தியமா வேண்டாம். பிளஷ்ஷும் க்ரீம்தான்.

தொங்கின இமைக்கு மின்னுற ஐ ஷேடோ எடுக்காதீங்க, மடிப்பை எடுத்துக் காட்டிடும். மினுக்கு இல்லாத பிரவுனை எடுத்துட்டு கண்ணாடியை நேரா பாத்து, கண்ணைத் திறந்து வச்சுண்டே, மடிப்புக்கு ஒரு சின்ன இழை மேல தடவுங்க. கண்ணை மூடிண்டு போட்டா திறந்ததும் எல்லாம் மடிப்புக்குள்ள போயிடும், ஒண்ணும் தெரியாது. மூக்குக்கண்ணாடி போடுவேளா? அப்போ புருவத்தை கொஞ்சம் நிரப்பிண்டா போதும், குங்குமம், மல்லிப்பூ, அந்த பட்டுப்புடவை, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மழைக்காலத்துல லோக்கல் ட்ரெயின்ல ஏறி இறங்கறதுக்குள்ள மேக்கப் வழிஞ்சு போகுதே, என்ன பண்றது? – சயான் வாசகி

நிறைய போடுறதால வழியுது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்த ஊர்ல சும்மா நின்னாலே வேர்க்கும், இதுல மூணு அடுக்கு எங்க நிக்கும்? லேடீஸ் பெட்டில, ஓடுற வண்டில ஒரு கைல கம்பி இன்னொரு கைல ஐலைனர் வச்சு கோடு போடுற பொண்ணுங்களைப் பாத்திருப்பீங்க, அவங்க கெட்டிக்காரிங்க, வீட்ல சன்ஸ்கிரீன் மட்டும் போட்டுட்டு மிச்சத்தை வண்டில போடுவாங்க. வேர்வையை துடைக்காதீங்க, டிஷ்யூவை வச்சு அமுக்கி எடுங்க. வேர்வை மேலயே பவுடர் போட்டா மாவு பிசைஞ்ச கதைதான், ஒத்தி எடுத்த பிறகு போடுங்க. வாட்டர்ப்ரூஃப் காஜல் போட்டிருந்தா ராத்திரி சோப்பு போட்டு கண்ணைத் தேய்க்காதீங்க, தேங்காய் எண்ணெய் பஞ்சுல தொட்டு மூடின இமை மேல அரை நிமிஷம் வச்சா தானா கரைஞ்சு வந்துடும், அப்புறம் முகம் கழுவிக்கோங்க.

எனக்கு ரிசப்ஷன். பொண்ணு வீட்ல எனக்கும் மேக்கப் ஆளு வச்சிருக்காங்க. ஃப்ரெண்ட்ஸ் கலாய்ப்பானுங்க. வேண்டாம்னு சொல்லிடவா? – அந்தேரி வாசகர்

வேண்டாம்னு சொல்லாதீங்க தம்பி, வர்ற ஆளுகிட்ட "என் கலருக்கு மேல போகாதீங்க, பக்கத்துல அவ நிக்கிறா, ரெண்டு பேரும் அவங்கவங்க கலர்லயே இருக்கணும்"னு மட்டும் சொல்லுங்க. எண்ணெய் வழியாம இருக்க நெத்திலயும் மூக்குலயும் கலரில்லாத பவுடர், கண்ணுக்கு கீழ மேல சொன்ன ஆரஞ்சு கரெக்டர் ஒரு துளி, உதட்டுக்கு பாம், தாடியை ரெண்டு நாள் முன்னாடி ட்ரிம் பண்ணிக்கோங்க, அன்னைக்கு காலைல ஷேவ் பண்ணா எரிச்சல்ல சிவந்து நிக்கும். பவுடரை தாடி மேல பட விடாதீங்க, ஸ்டேஜ் லைட்ல நரைச்ச மாதிரி தெரியும், அதுக்குத்தான் ஃப்ரெண்ட்ஸ் கலாய்ப்பானுங்க.